ஏற்றிக் கேட்டதை ஏமாற்று என்று எழுதியது தொடர்பாக

அனுப்புநர்:
க. செல்வகுமாரி,
க/பெ. கலைவேந்தன்,
பிள்ளையார் கோயில் தெரு,
பாகூர், புதுச்சேரி.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மேல்முறையீட்டுக் குழு,
கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கிடையேயான பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டி,
வில்லியனூர், புதுச்சேரி.

பொருள்: இரட்டையர் இறுதி ஆட்டத்தில் எங்கள் வெற்றி ரத்து செய்யப்பட்டது, என் மாமியார் திருமதி விருத்தாம்பாள் மீது பழி சுமத்தி அணியிலிருந்து நீக்கியது, நீதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வில்லியனூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் நானும் என் மாமியாரும் ஜோடியாக ஆடி முதலிடம் பெற்றோம். கரும்பு வெட்டு நேரம் என்பதால், விடிவதற்குள் ஆட்களுக்குச் சமைத்து வைத்துவிட்டுப் பேருந்து ஏறி வந்து ஆடிய ஆட்டம் அது. அன்று மாலையே நடுவர் திரு. அரிகரன் அந்த வெற்றியை ரத்து செய்தார். இப்போது சென்னைப் போட்டிக்குப் போகும் அணியில் என் பெயர் மட்டும் இருக்கிறது. என் மாமியாரின் இடத்தில் நெட்டப்பாக்கம் செல்வி சுவேதாவின் பெயர் இருக்கிறது. சுவேதா நன்றாக ஆடுகிற பெண், அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

2. இந்த ஆட்டம் தாங்கள் அறியாததல்ல. ஆனாலும் சீட்டுக்கட்டையே தொடாத அதிகாரிகளின் மேசைக்கும் இம்மனு போகக்கூடும் என்பதால் சொல்கிறேன். பிரிட்ஜில் எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. கையில் இருப்பதை ஜோடிக்குப் பேச்சால் சொல்லக் கூடாது, ஏலம்போல் ஏற்றிக் கேட்கும் கேள்வியால்தான் தெரிவிக்க வேண்டும். கேள்வியில் வரும் எண் கையிலுள்ள சீட்டின் எண்ணிக்கை அல்ல, ஜெயிப்பதாக ஏற்கும் பிடிகளின் அளவு. ஒருவர் "ஒரு இஸ்பேடு" என்று கேட்டு, எதிரே இருப்பவர் "இரண்டு இஸ்பேடு" என்று ஏற்றினால், "என்னிடமும் இஸ்பேடு இருக்கிறது, அதையே துருப்பாக்கலாம்" என்று பொருள். எத்தனை இருக்கிறது என்பது அவரவர் பழகிய முறையைப் பொறுத்தது. இருவர் கையிலும் சேர்த்து எட்டுத் துருப்பாவது வேண்டும் என்பதுதான் எல்லா முறைக்கும் நோக்கம்.

3. நான் பிறந்தது வில்லியனூரில். எங்கள் தெருவில் இருந்த பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியர் ஒருவரிடம் என் தகப்பனார் நடேசன் கற்றுக்கொண்டு எனக்கும் சொல்லித் தந்தார். அந்த முறையில் ஐந்து இஸ்பேடு இல்லாமல் இஸ்பேடைக் கேட்கவே கூடாது. ஆகவே ஏற்றுகிறவருக்கு மூன்று போதும். என் மாமியாருக்குச் சொல்லித் தந்தவர் அவருடைய கணவர், காலஞ்சென்ற செல்லக்கண்ணு. அவர் நெய்வேலியில் வேலை பார்த்தபோது பழகியது நாலு சீட்டு முறை. நாலு இருந்தாலே கேட்கலாம், ஆகவே ஏற்றுகிறவரிடமும் நாலு இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து நேரே மூன்றுக்குத் தாவி ஏற்றினால் என் மாமியாருக்கு அது "நல்ல கை, முடிந்தால் மேலே போ" என்று அர்த்தம். எனக்கோ "என் கையில் சரக்கு இல்லை, எதிராளியின் வாயை அடைக்கிறேன்" என்று அர்த்தம். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த ஒன்றுக்காகவே நாங்கள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறோம். சேதராப்பட்டில் ஷிப்டு முடிந்து வரும் என் கணவர், "உங்க இஸ்பேடு சண்டையில எனக்குச் சோறு போட ஆளில்லாம போச்சு" என்று தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போவார்.

4. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். யார் முதலில் கேட்கிறார்களோ அவர்கள் கணக்கு. என் மாமியார் கேட்டால் நான் நாலு சீட்டு இருந்தால்தான் ஏற்றுவேன். நான் கேட்டால் அவர் மூன்றிலேயே ஏற்றுவார். இதைப் போட்டியன்று காலையில் நடுவரிடம் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். "சரி சரி, ஒக்காருங்க" என்றார். ஒரு ஜோடியில் இருவரும் ஒரே முறையில்தான் ஆட வேண்டும் என்று இப்போட்டியின் விதிகளில் எங்கும் இல்லை. எதிராளி கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் இருக்கிறது.

5. நாங்கள் உண்மையைத்தான் சொன்னோம். இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் திரு. சிவப்பிரகாசமும் திரு. மணவாளனும். முதலில் ஒரு கை ஆட்டத்தில் என் மாமியார் ஒரு இஸ்பேடு கேட்டார், நான் இரண்டுக்கு ஏற்றினேன். சிவப்பிரகாசம் விளக்கம் கேட்க, "நாலு சீட்டு வச்சிருப்பா" என்றார் என் மாமியார். அது சரி. பிறகு ஒரு கையில் நான் கேட்டேன், அவர் ஏற்றினார். சிவப்பிரகாசம் என்னிடம் கேட்டார். "மூணாச்சும் இருக்கும்" என்றேன். "இன்னாம்மா இது, இப்பதான் ஒங்க மாமியார் நாலுன்னாங்க. ஆளுக்கொரு கணக்கா?" என்று சிரித்தார். "ஆமாங்க, யார் மொதல்ல கேக்கறாங்களோ அவங்க கணக்கு" என்றேன். நான் நாலு இஸ்பேடுக்குப் போனேன். அவர் நான் சொன்னதை நம்பவில்லை. கேட்டவரின் ஜோடி தன் சீட்டை எல்லோரும் பார்க்க மேசையில் விரித்துவைக்க வேண்டும்; அதில் நாலு துருப்பு இருக்கும், துருப்பை இறக்கி என்ன பயன் என்று ஆட்டின் என்னும் இதயச் சீட்டின் ராஜாவை இறக்கினார். என் மாமியார் சீட்டை விரித்தபோது இருந்தவை மூன்றே துருப்புகள். முதலிலேயே துருப்பை இறக்கியிருந்தால் எனக்கு ஒரு பிடி குறைந்து தோற்றிருப்பேன். அதை மறைக்கவில்லை. ஆனால் சொன்னதை நம்பாதவர் அவர். அதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு?

6. சிவப்பிரகாசம் நடுவரை அழைத்தார். நடுவர் இரண்டு நிமிடம்கூட விசாரிக்கவில்லை. கூடியிருந்தவர்கள் முன்னால், "ஒரே வூட்ல இருக்கற பொம்பளைங்க, கண்ணாலயே பேசிக்குவாங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். ஐயா, எங்கள் வீட்டில் நானும் என் மாமியாரும் வாயால் பேசிக்கொள்வதே தேவைக்குத்தான். கண்ணால் பேசிக்கொள்ளும் அளவுக்கு ஒற்றுமை இருந்திருந்தால் எங்களுக்கு இந்த உடன்பாடே தேவைப்பட்டிருக்காது.

7. அறிக்கையில் எழுதியிருப்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. "நாலு என்று சொல்லிவிட்டு மூன்றில் ஏற்றி ஏமாற்றியவர் விருத்தாம்பாள். மருமகள் ஒழுங்கான முறையில் ஆடுபவர். மாமியார் பழைய முறைக்காரர், அணிக்கு உகந்தவர் அல்லர்" என்று எழுதியிருக்கிறார். தாங்களே நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். தன் பழக்கப்படி ஆடியிருந்தால் என் மாமியார் மூன்றில் ஏற்றியிருக்கவே மாட்டார். நான் கேட்டேன் என்பதால், என் முறையை மதித்து ஏற்றினார். எந்தக் கையில் அவர் எனக்காக விட்டுக்கொடுத்தாரோ அந்தக் கையை வைத்தே நடுவர் அவரை ஏமாற்றுக்காரி ஆக்கிவிட்டார். எனக்கு நற்சான்றும் கொடுத்துவிட்டார். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் எந்த முகத்தோடு வீட்டுக்குள் போவது?

8. அறிக்கையை என் கணவர்தான் படித்துக் காட்டினார். என் மாமியார் மறுநாள் காலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து என்னிடம் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன்: "இனிமே ஒன் கணக்குலயே ஆடிக்கறேன்டி. அஞ்சு இருந்தா கேக்கறேன், இல்லன்னா கம்முனு இருக்கறேன். நீ அந்தப் பொண்ணு கூட மெட்ராஸ் போயிட்டு வா. என்னால ஒனக்கு எதுவும் நிக்கக் கூடாது." உண்மையைச் சொல்கிறேன், இத்தனை வருடம் இந்த வார்த்தைக்காகத்தான் நான் அவரோடு மல்லுக்கட்டினேன். கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னிடம் தோற்று அதைச் சொல்லவில்லை.

9. ஆகவே கேட்டுக்கொள்வது: சிவப்பிரகாசம், மணவாளன் இருவரையும் அழைத்து, விளக்கம் கேட்டபோது நான் என்ன பதில் சொன்னேன் என்று விசாரிக்க வேண்டும். மணவாளன் நேர்மையானவர், நான் சொன்னது உண்மை என்று அன்றே தலையாட்டினார். அறிக்கையில் உள்ள "ஏமாற்றியவர்" என்ற சொல்லை நீக்க வேண்டும். சபையில் சொன்னதை நடுவர் சபையிலேயே திரும்பப் பெற வேண்டும். ஒரு ஜோடிக்கு ஒரே முறைதான் என்று இனிமேல் விதி செய்வதானால் செய்யுங்கள், கட்டுப்படுகிறோம். இல்லாத விதிக்கு எங்களைத் தண்டிக்காதீர்கள்.

10. அதுவரை அணிப் பட்டியலிலிருந்து என் பெயரையும் எடுத்துவிட வேண்டுகிறேன். என் மாமியாரின் முறை தவறு என்று சொல்லும் உரிமை இந்தப் புதுச்சேரியில் எனக்கு மட்டும்தான் உண்டு. அதை நான் அவர் எதிரில் உட்கார்ந்துதான் சொல்வேன்.

தங்கள் விசாரணைக்கு எந்த நாளிலும் வரத் தயாராக உள்ள,

க. செல்வகுமாரி
(ஒப்பம்)

இடம்: பாகூர்
நாள்: 18.02.2025