இடத் தோள்

இன்று காலை போனைத் திறந்ததும் அது தானாகவே உன் பழைய வீடியோ ஒன்றைக் காட்டியது. உங்கள் வீட்டு மொட்டை மாடியில் தாய் சி என்ற சீன உடற்பயிற்சி செய்கிறாய். முதுகு நேராக இருக்கிறது. எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு அவசரமில்லாமல் இறங்குகிறது. கைகள் இரண்டும் ஒன்றாக எழ வேண்டும். வலக் கை தோள் உயரத்துக்கு வருகிறது, இடக் கை பாதியிலேயே நின்றுவிடுகிறது. படம் எடுத்தவள் நான். அன்றைக்கே பார்த்தேன்.

யூடியூப் பார்த்துத்தான் நாம் கற்றோம். எடை முழுதாக இறங்குமுன் நான் மறு காலை டக்கென்று ஊன்றிவிடுவேன்.

"தறியா மிதிச்சிகினு இருக்க? மெதுவாடி. எந்தக் காலு நிக்குதுன்னு ஒடம்புக்குத் தெரியணும்" என்று சிரிப்பாய்.

"கை ஏன் மேல வரல?" என்று ஒரே ஒரு முறை கேட்டேன். "தறிக்காரிக்குத் தோள் வலி என்னடி புதுசு?" என்றாய். உன் அம்மாவும் அதையே சொல்லித் தைலம் தேய்த்தார். ஆனால் தறியில் நாடாவை ஓட்டும் கயிற்றை இழுப்பது வலக் கை. தேய்ந்தால் வலத் தோள்தான் தேய வேண்டும். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். வலிக்க வேண்டியது இடத் தோள் இல்லை என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் இட மார்பில் கட்டி இருப்பது உனக்கும் உன் அம்மாவுக்கும் முன்பே தெரியும் என்பதை வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் கேட்டேன். "போளூர்லருந்து பொண்ணு பாக்க வந்துகினு இருந்தாங்கம்மா. கல்யாணம் முடியட்டும்னு இருந்துட்டோம்" என்று உன் அம்மா அழுதார். தெரிந்தேதான் தைலம் தேய்த்திருக்கிறார். பார்த்துவிட்டுப் போனவன் வேறு இடத்தில் கட்டிக்கொண்டான். நீ மூன்றே மாதத்தில் போய்விட்டாய்.

உன் மேல் எனக்குக் கோபம். எதை மெதுவாகச் செய்ய வேண்டும், எதற்கு ஓட வேண்டும் என்று தெரியாதவளா நீ?

இப்போது தாய் சி பழக எங்கள் மாடிக்கு நான்கு பெண்கள் வருகிறார்கள். போன வாரம் சேவூர்ப் பெண்ணுக்கு இடக் கை எழவில்லை. "தறியில ஒக்காந்தா வலிக்காதாக்கா?" என்று சிரித்தாள்.

"எந்தக் கைடி கயிறு இழுக்குது? கெளம்பு டாக்டர்கிட்ட, இப்பவே!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வண்டியில் ஏற்றிப் போனேன். வெறும் தசைப்பிடிப்புதான் என்றார் டாக்டர். சாயங்காலம் அவள் அம்மா எங்கள் வாசலில் நின்று, "கல்யாணம் ஆவாத பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயி மானத்த வாங்கிட்டியே" என்று ஏசினார். நான் தலை குனியவில்லை.

மறுநாளிலிருந்து அந்தப் பெண் வரவில்லை. போகட்டும். அடுத்து எவளுக்குக் கை எழாவிட்டாலும் இதே போலத்தான் கத்துவேன். உன் மாடியில் கத்தாமல் விட்டது இன்னும் தொண்டையிலேயே இருக்கிறது.