மூன்று பேராய் வழியனுப்பியது

கயல் கண்ணு,

அப்பா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டு ஃபிசா எழுதுகிறாள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இறங்கினால் வாங்குவதில்லை. நீ வேலை பார்க்கிற புனேயில் குளிராமே, கம்பளிச் சட்டையைப் போடுகிறாயா, பெட்டியிலேயே வைத்திருக்கிறாயா? போனில் பரீட்சை என்று வாயெடுத்ததும் வெட்டிவிடுகிறாய், கடுதாசியை வெட்ட முடியாதே, அதனால்தான் இது.

முதல் கொரோனா அடங்கி அடுத்தது வருவதற்குள் கொஞ்சம் மூச்சு விட்டோமே, எலெக்‌ஷனுக்குச் சுவரெல்லாம் வெள்ளையடித்தார்களே, அந்த வருஷம்தான் நீ முதல் தடவை பேங்க் பரீட்சைக்குப் போனாய். மந்தைவெளி ரயிலடியில் உன்னை ஏற்றிவிட நானும் அம்மாவும் பாலு சித்தப்பாவும் வந்தோம். சித்தப்பா மாஸ்க்கைத் தாடையில் மாட்டியிருந்தான். பூக்காரி பாஞ்சாலி பார்த்துவிட்டு, "இன்னா நைனா, மூணு பேரா வந்து வழியனுப்புறீங்க, வெளங்குமா?" என்றாள். அந்தக் கோடையிலேயே சித்தப்பா போனான். மிக்ஜாம் புயலில் தண்ணீர் வந்த வருஷம் இரண்டாம் தடவை எழுதினாய், பொங்கலுக்குள் அம்மா போய்விட்டாள். வருகிற ஞாயிறு மூன்றாவது. இதை விட்டால் உனக்கு வயசு தாண்டிவிடும். அப்படியிருக்க, "நான் எழுதினா நீயும் போயிடுவப்பா, நான் எழுதல" என்கிறாய்.

அடிப் பாவி, நீதானே எனக்குப் புத்தகத்திலிருந்து கேள்வி படித்துக் காட்டுவாய்? ஓர் ஊரில் ஆஸ்பத்திரி திறந்தார்கள், அந்த வருஷம் சாவு கூடியது, ஆகவே ஆஸ்பத்திரிதான் காரணம், இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று ஒன்று வந்தது. கீரை ஆய்ந்துகொண்டே, "ஒண்ணுக்கு அப்பால இன்னொண்ணு நடந்தா, அதாலதான் நடந்துச்சுன்னு ஆயிடுமா? ஈஸிப்பா" என்று சிரித்தாய். புத்தகத்தில் தெரிகிற ஓட்டை வீட்டுக்குள் வந்தால் தெரியாதா? சித்தப்பாவைக் கொண்டுபோனது கொரோனா. அம்மாவுக்குச் சர்க்கரை வந்தது நீ பள்ளிக்கூடம் போகும்போதே. பக்கத்துவீட்டு சாய்நாத்தையும் பரீட்சைக்கு மூன்று பேராய் ஆட்டோவில் போய்த்தான் வழியனுப்பினோம், அவன் பெயில், வழியனுப்பிய நாங்கள் எல்லாரும் கல்லு மாதிரி இருக்கிறோம். பொறுக்காமல் பாஞ்சாலியிடமே சண்டைக்குப் போனேன். "நான் எல்லாரையும்தான் சொல்லிக்கினு கீறேன் நைனா, பலிக்காதத யாரு நெனப்புல வெச்சிக்கினு கீறாங்க?" என்கிறாள். ஃபிசா எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எனக்கும் ஒருநாள் வரும். நீ பரீட்சை எழுதினாலும் வரும், எழுதாமல் மாவு அரைத்துக்கொண்டிருந்தாலும் வரும். நீ எழுதாமலிருந்து நான் பிழைத்துக்கிடந்தால், அதனால்தான் பிழைத்தேன் என்று வேறு சொல்வாய், அந்தப் பழி எனக்கு வேண்டாம்.

கபாலி உன் கூடவே வரட்டும், கை வேகமாக ஓடட்டும். வெறும் வயிற்றோடு போகாதே, ஹால் டிக்கெட்டை முன்னாடியே எடுத்து வை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அதே ரயிலடியில் போய் நிற்பேன், பாஞ்சாலி பார்க்கட்டும். முடித்து வெளியே வந்ததும் போன் போடு, எடுக்கிறேனா இல்லையா பார்.

உன்னை ரயிலேற்றிவிட்ட மூன்று பேரில் உயிரோடிருக்கிறவன்,
கோதண்டபாணி