கதவுக்குப் பின்னால் மூன்றாம் நம்பர்

மார்ச் 3, திங்கள்

புது செட் வந்துவிட்டது. வாசலிலிருந்து கூடத்துக்கு வரும் நடை அவ்வளவு குறுகல், பையைப் பக்கவாட்டில் திருப்பித்தான் உள்ளே கொண்டுவர முடிந்தது. பழையதும் புதியதுமாக எல்லா மட்டைகளையும் கட்டிலில் பரப்பினேன். பதினெட்டு. கோல்ஃப் விதிப்படி ஆட்டத்துக்குப் பதினான்குக்கு மேல் எடுத்துப் போகக் கூடாது. நாலைக் கழிக்க வேண்டும். வீடு மாற்றும்போது சாமான் கழிப்பது மாதிரிதான். கையில் எடுத்தால் எல்லாமே தேவை என்று தோன்றுகிறது.

கடைக்காரர் செட் வாங்கிய அன்றைக்கே சொன்னார்: "அந்த மூணாம் நம்பர் மட்டையத் தூக்கிப் போடுங்க மேடம். நீளம் ஜாஸ்தி, முகம் மெலிசு. நூறு தடவ அடிச்சா ஒரு தடவதான் சரியாப் படும்."

"அந்த ஒரு தடவைக்குத்தான் வச்சிருக்கேன்."

"பிடிவாதத்துக்கெல்லாம் நாங்க பை தைக்கிறதில்ல மேடம்."

சிரித்துவிட்டேன். ஆனாலும் மூன்றாம் நம்பரைத் தனியே எடுத்துவைக்க மனசு வரவில்லை. பந்தைக் குழிக்குள் உருட்டும் புட்டரிலும் இதே இழுபறி. புதியது பளபளவென்று கனமாக இருக்கிறது. பழையது குட்டை, தலை மழுங்கிப்போன பித்தளை. நாளைக்குப் பார்க்கலாம்.

மார்ச் 5, புதன்

என் மேசைமேல் இன்று என் தங்கை படுத்திருந்தாள்.

எக்ஸ்ரே அறைக்குச் சீட்டு வந்தபோது பெயரைக் கவனிக்கவில்லை. நிமிர்ந்தால் சின்னவள். இடது கையைத் துப்பட்டாவில் தொட்டில் கட்டியிருந்தாள். பின்னாலேயே அவள் புருஷன். இஸ்திரி கலையாத சட்டை. "படியில வழுக்கிடுச்சுக்கா. பாத்து நடன்னு எத்தனை தடவதான் சொல்றது" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டான்.

படியில் விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். மணிக்கட்டு போகும். இவளுக்கு முன்னங்கையில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, நடுவில், குறுக்காக முறிந்திருந்தது. முகத்தை மறைக்கத் தூக்கிய கையில்தான் அந்த எலும்பு அப்படி முறியும். இத்தனை வருஷத்தில் எத்தனை பெண்களுடைய படத்தில் பார்த்திருக்கிறேன். எல்லோரும் படியில்தான் விழுந்தார்கள்.

"அசையாம இரு" என்றேன். எல்லோரிடமும் சொல்வதுதான். அவள் அசையவேயில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

மார்ச் 6, வியாழன்

அவள் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன்.

மார்ச் 8, சனி

மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்குப் போனேன். கூடை நிறையப் பந்து வாங்கிக்கொண்டு, எந்த மட்டையை வைத்துக்கொள்வது என்று ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்கத்தான் போனேன். முதல் பந்தைக் கீழே வைத்ததும் அது பந்தாக இல்லை. அவன் வாய். அடுத்தது கண். அடுத்தது அந்த மழித்த தாடை. அடித்தேன். அடித்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்து பிடி வழவழத்தது, விடவில்லை.

கோபத்தில் அடித்தால் பந்து கோணலாகத்தான் போகும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இந்த விளையாட்டுக்காகவே சொன்னது மாதிரி இருக்கும். இன்றைக்கு அப்படி இல்லை. மூன்றாம் நம்பரில் ஒரு பந்துகூடத் தப்பவில்லை. கம்பி இழுத்த மாதிரி போயிற்று. பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்ன மேடம், புது செட்டா?" என்றார்.

"இல்ல. பழசு."

மனசு குளிர்ந்திருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். முறிந்த எலும்பு சொல்வதைச் சொன்னேன். "அடிக்கிற கைதான் அணைக்கும். நீ குடும்பம் நடத்தல, உனக்குத் தெரியாது" என்றாள்.

ஆமாம். எனக்கு எலும்பு மட்டும்தான் தெரியும்.

மார்ச் 12, புதன்

சின்னவள் வந்துவிட்டாள். மத்தியானம் கதவைத் திறந்தால் ஒரு கையில் கட்டு, மறு கையில் துணிப்பை, காலில் செருப்பு இல்லை. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"தட்டை மூஞ்சில அடிச்சாருக்கா. உப்பு இல்லன்னு. அப்புறம் முடியப் பிடிச்சு சமையலறையிலேர்ந்து ரூம் வரைக்கும் இழுத்துட்டுப் போனாரு. கட்டுப் போட்ட கையை மிதிச்சாரு. மிதிச்சுட்டு, வலிக்குதான்னு கேட்டாரு."

இன்னும் 'ரு' போட்டுப் பேசுகிறாள்!

தலைக்கு ஊற்றிவிட்டேன். என் விரலோடு கொத்தாக வந்தது முடி. காதுக்கு மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் வெறுமையாக, சிவந்து, பொடிப்பொடியாக ரத்தம் காய்ந்து. தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் நான் அழுதது அவளுக்குக் கேட்டிருக்காது. போலீசுக்குப் போகலாம் என்றேன். "வேணாம்க்கா, அவருக்கு வேலை போயிடும்" என்றாள். என் கை சோப்பை நசுக்கிவிட்டது.

சாயங்காலம் கட்டிலில் பரப்பியிருந்த மட்டைகளைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்தது அதிசயம்.

"ஒரே ஒரு பந்துக்கு இத்தனை கம்பாக்கா? பந்து என்னக்கா பாவம் பண்ணிச்சு?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன் — இது தூரத்துக்கு, இது மணலிலிருந்து கிளப்ப, இது புல்லுக்குள்ளிருந்து. பழைய புட்டரைக் கையில் எடுத்தாள். "இது என்ன, வளராத பிள்ளையாட்டம்?"

"அது அடிக்கறதுக்கில்ல. உருட்டறதுக்கு. ஓங்கவே கூடாது. முழங்கால் உயரத்துக்குக் கீழயே சின்னதா இழுத்து விடணும்."

டம்ளரைத் தரையில் சாய்த்துவைத்து, ஒற்றைக் கையால் உருட்டினாள். மூன்றாவது தடவையே பந்து உள்ளே போய்விட்டது. எனக்கு அது வர ஒரு மாதம் ஆயிற்று.

மார்ச் 14, வெள்ளி

அவன் ஃபோன் செய்தான். குரலில் தேன். "அவள அனுப்பி வைங்கக்கா. புருஷன் பொண்டாட்டி விஷயம். நானா வந்தா நல்லா இருக்காது, உங்க அக்கம்பக்கத்துல மரியாதையா இருக்கறவங்க நீங்க."

"வா" என்றேன். 'வாங்க' இல்லை. முதல் தடவையாக. வைத்த பிறகும் காது சுட்டுக்கொண்டிருந்தது.

இன்று செட்டை முடித்துவிட்டேன். பதினான்கு. புது புட்டரை உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்தாயிற்று. சின்னவளுக்குப் பிடித்த குட்டைப் பித்தளை பையில். மூன்றாம் நம்பர் பையில் இல்லை. வாசல் கதவுக்குப் பின்னால், குடை மாட்டும் மூலையில் நிற்கிறது.

ஏன் அது? கையில் அதுதான் நன்றாக வருகிறது, அதனால். காப்பதற்கா, அடிப்பதற்கா? — இந்தக் கேள்வியை எழுதிவிட்டேன். பதில் எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அவன் வரவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

மார்ச் 19, புதன்

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது. இருவரும் உயிரோடு இருக்கிறோம். அவனும்.

மார்ச் 22, சனி

எழுதித்தான் ஆக வேண்டும். நாளைக்கு எல்லோரும் அவரவர் வசதிக்குச் சொல்லப் போகிறார்கள்.

செவ்வாய், வேலை முடிந்து வந்து சாப்பிட்டு எழுந்திருந்தோம். மணி அடித்தது. திறந்தேன். அவன். என் வாய் தானாக "வாங்க" என்றது. இத்தனை ஆத்திரத்தை வைத்துக்கொண்டு, 'வாங்க'! அவனும் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றினான். கழற்றிவிட்டுக் கதவை உள்பக்கம் தாழிட்டான்.

"எங்க அவ?"

மூன்றாம் நம்பரை எடுத்தேன். கால்களை அகட்டினேன், தோளைத் திருப்பினேன், பின்னுக்கு முழுசாகத் தூக்கினேன். இருபது வருஷம் பழகிய உடம்புக்கு அது ஒன்றுதான் தெரியும். புல்வெளியில் பின்னால் வானம்தான் இருக்கும். நடையில் சுவர் இருந்தது. மட்டையின் தலை பின்சுவரில் மோதிக் காரை தெறித்து, அதிர்ச்சி முழங்கைவரை ஏறியது. கை மரத்துப் போயிற்று. குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவது மாதிரி அவன் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

"உங்களுக்கு எதுக்குக்கா இதெல்லாம்?" என்றான்.

அவனுக்கு கோல்ஃப் தெரியாது. அதனால் அவன் முழுசாகத் தூக்கவில்லை. பாதியில் பிடித்து, விறகு வெட்டுகிற மாதிரி மேலிருந்து கீழே போட்டான். வலது கையைத் தூக்கினேன். சத்தம் கேட்டது. வலி பிறகுதான் வந்தது. சத்தம் கேட்ட அந்த நொடியில் நான் நினைத்தது — சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, நடுவில், குறுக்காக. அவ்வளவுதான் நினைத்தேன். அடுத்தது தொடையில். விழுந்தேன். அடுத்தது என் தலைக்கு வந்தது, செருப்பு அலமாரியில் பட்டுப் பலகை பிளந்தது. வாயெல்லாம் ரத்தம், நாக்கைக் கடித்திருக்கிறேன். அவன் பற்களைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும், "மரியாத, மரியாத" என்றான்.

அவனுக்குப் பின்னால் சின்னவள் வெறுங்காலோடு வந்தது அவனுக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது. அவள் கையில் குட்டைப் பித்தளை.

அவன் பக்கவாட்டுக்கு வந்தாள். ஓங்கவில்லை. முழங்கால் உயரத்துக்குக் கீழே, சின்னதாகப் பின்னுக்கு இழுத்து, விட்டாள்.

தேங்காய் உடைகிற சத்தம். முட்டிச் சில்லு. அவன் ஊளையிட்டுக்கொண்டு மடங்கினான். மட்டையை விடவில்லை. அவள் அந்த மணிக்கட்டில் போட்டாள். விட்டான். விட்ட பிறகும் போட்டாள். வாயில் போட்டாள். ஒரு பல் சுவரோரமாக உருண்டு போனது. அவன் "அம்மா" என்றான். அவள் மறுபடியும் மணிக்கட்டில் போட்டாள்.

"போதும்டி" என்று கத்தினேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. "எது போதும்னு நான் சொல்றேன்க்கா" என்றாள். மூச்சு வாங்கவில்லை. குரல் உயரவில்லை. ஒரே ஒரு தடவை, அதே முட்டியில். பிறகு, "வலிக்குதா?" என்று அவனிடம் கேட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்துக்கொண்டு வந்தார். போலீஸ் வந்தது.

நான் யோசித்துக்கொண்டே இருப்பது ஒன்றுதான். நான் அதை மூலையில் வைக்காமல் இருந்திருந்தால்? அவன் வெறுங்கையோடு வந்தவன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

என் படத்தைப் பார்த்தேன். சின்னவளுடையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே எலும்பு, ஒரே இடம், ஒரே குறுக்கு. அவளுக்கு இடது, எனக்கு வலது. கண்ணாடியில் பார்ப்பது மாதிரி.

அவன் படத்தையும் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. நம் மருத்துவமனையிலேயே கைதிகள் வார்டில் இருக்கிறான். முட்டி மூன்று துண்டு, மணிக்கட்டு நொறுங்கிய பிஸ்கட். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. பாவம் என்று தோன்றுகிறதா என்று எனக்குள்ளே தேடினேன். இல்லை. இருந்தால் நன்றாக இருக்குமே என்றுகூடத் தோன்றவில்லை.

அம்மா ஃபோனில் அழுதாள். "என்ன இருந்தாலும் அடிக்கிற கைதான்டி..." என்று ஆரம்பித்தாள். சின்னவள் ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

"அந்தக் கை இனிமே யாரையும் அணைக்காதும்மா. உள்ள ரெண்டு கம்பி வச்சிருக்கான்" என்றாள்.

'வச்சிருக்கான்.' அம்மா அதைக் கவனித்தாளோ என்னவோ, அழுகை நின்றுவிட்டது.

ஏப்ரல் 25, வெள்ளி

வாக்குமூலம். இரண்டு மட்டைகளையும் அடையாளச் சீட்டுக் கட்டி மேசைமேல் வைத்திருந்தார்கள். பெண் போலீஸ் மூன்றாம் நம்பரைக் காட்டி, "இது எப்படிக் கதவுக்குப் பின்னால வந்துது? பையிலதான இருக்கணும்?" என்றாள்.

வக்கீல் முன்பே சொல்லியிருந்தார்: இடம் இல்லாமல் வைத்தேன் என்று சொல்லுங்கள், பதினான்குக்கு மேல் பையில் வைக்கக் கூடாதே, பொருத்தமாக இருக்கும். பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சின்னவள் அவன் விழுந்த பிறகும் ஏன் அடித்தாள் என்று கேட்கப் போகிறார்கள். அவள் ஒருத்தியை மட்டும் அந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்த என்னால் முடியவில்லை.

"அவனை அடிக்கறதுக்காக நான்தான் வச்சேன்" என்றேன்.

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். பெண் போலீஸ் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, பேனாவை மூடி, "உங்க தங்கச்சியோட தலையில அந்த இடத்துல முடி முளைச்சுதா?" என்று கேட்டாள்.

மே 18, ஞாயிறு

இரண்டு பேருக்கும் கட்டு அவிழ்த்தாகிவிட்டது. என் கை வாழைத்தண்டு மாதிரி வெளுத்துச் சூம்பியிருக்கிறது. முழுசாகச் சுழற்ற இன்னும் மாதக்கணக்கு ஆகும் என்கிறார் எலும்பு டாக்டர். வழக்கு நடக்கிறது, எங்கள் இரண்டு பேர் மேலும். அடுத்த மாதம் வாய்தா. சின்னவள் பயப்படவில்லை. நான் பயப்படுகிறேன், அவளுக்காக.

காலையில் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பையை அவள்தான் தூக்கினாள். குழி இருக்கும் வழுவழுப்பான புல்லில் கொண்டுபோய் நிறுத்தி, அலமாரியிலிருந்த புது புட்டரை உறை பிரித்துக் கொடுத்தேன். நாலு பந்து உருட்டினாள். நாலும் வெளியே. முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

"ரொம்பக் கனம்க்கா. அந்த வளராத பிள்ளைய எப்பத் திருப்பித் தருவாங்க?"

"கேஸ் முடியணும்."

"உன்னோட நீளக் கம்பு?"

"அதை நான் கேக்கப் போறதில்ல."

வெளியே கிடந்த பந்துகளைக் குனிந்து பொறுக்கினாள். காதுக்கு மேல் குட்டிக் குட்டியாக முடி, காற்றில் படியாமல் நின்றது.

"சரி. அப்ப இது வேணாம். பிள்ளைக்கு எடம் விட்டு வை" என்றாள்.

வீட்டுக்கு வந்து புது புட்டரை வெளியே எடுத்துவிட்டேன். பையில் பதின்மூன்று இருக்கின்றன.