கோட்டுக்கு வெளியே நின்றவன்

அப்பாசியா, குவைத்
2.5.2004

அன்பு நண்பன் எபினுக்கு,

ஆல்டோ எழுதுவது. நான் சுகம். நீயும் ஜெபிஷாவும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

போனில் நீ வாழ்த்துச் சொன்னபோது நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேப்டனாக நின்று நம் காலேஜுக்கு யூனிவர்சிட்டி ஃபுட்பால் கப் வாங்கித் தந்தவன் நீ. அதே காலேஜ் பெயரில் பழைய மாணவர்கள் இங்கே டீம் கட்டி ஜெயித்தால் உனக்குச் சந்தோஷம் இருக்காதா? எனக்கு அந்தக் கோப்பையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

போன வருஷம் ஈராக் சண்டையால் டோர்னமெண்ட் நடக்கவில்லை. இந்த வருஷம் வெறியோடு இறங்கினோம். ஆறு வெள்ளிக்கிழமை, ஆறு மேட்ச், ஒன்றிலும் தோற்கவில்லை. ஜெர்சி, வண்டி, சாப்பாடு எல்லாம் நம் சீனியர் ஞானசிங் அண்ணன் பொறுப்பு. அவர் இங்கே ஒரு ஏசி கம்பெனியில் மேனேஜர். பைனலில் எங்களை எதிர்த்த டீமின் ஃபார்வர்ட் லுக்மான், நம் ஊர்ப்பக்கம் தேங்காப்பட்டணத்துக்காரன், அவருக்குக் கீழே மெக்கானிக்.

பைனல் தொடங்கும்போது லுக்மானைக் காணோம். லீவு நாளில் டியூட்டி போட்டு அண்ணன் அவனைத் தூரத்து சைட்டுக்கு அனுப்பியிருக்கிறார். பாதி ஆட்டத்தில், யாருக்கும் கோல் இல்லாத நேரத்தில், கம்பெனி யூனிபார்மோடு டாக்சியில் வந்து இறங்கினான். வேலையை முடித்துவிட்டுத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டே பூட்ஸ் மாட்டினான். ஞானசிங் அண்ணன் பக்கத்தில் போய், சிரித்த முகமாகவே, உள்ளே கால் வைத்தால் நாளைக்கே விசா கேன்சல் என்றார். இரண்டடி தள்ளி நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். லுக்மான் என்னைப் பார்த்தான். நான் கிளவுஸை மாட்டிக்கொண்டு கோல் போஸ்டுக்குப் போய்விட்டேன்.

அவன் ஆடவில்லை. கடைசிவரை கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தான். ஒரு கோலில் ஜெயித்தோம்.

அப்புறம் ஹாலில் பிரியாணி. அண்ணன் கர்த்தருக்கு நன்றி சொல்லி நீளமாக ஜெபம் பண்ணினார். எல்லாரும் ஆமென் சொன்னோம். நானும்தான்.

மூன்றாம் நாள், கேட்காமல் சைட்டை விட்டு வந்தான் என்று லுக்மானின் விசாவை கேன்சல் பண்ணிவிட்டார். அவன்தான் ஆடவில்லையே, விட்டுவிடுங்கள் என்று போய்க் கேட்டேன். ஒருத்தனை விட்டால் நாளைக்கு எவனும் பயப்பட மாட்டான் என்றார். நம் ஆட்களோ அடுத்த சீசனுக்கு என்ன நிறத்தில் ஜெர்சி என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அவரைச் சொல்லி என்ன? பைனலுக்கு முந்தின வாரம் அவர் வண்டியில் வரும்போது, லுக்மான் மட்டும் இல்லாவிட்டால் ஜெயித்துவிடலாம் என்று சொன்னது நான். சும்மா சொன்னேன் என்று உனக்கு எழுதலாம். ஆனால் அவன் யாருக்குக் கீழே வேலை செய்கிறான் என்று எனக்கு அப்போதே தெரியும்.

வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில் வந்து இறங்குகிறான். அவன் வீட்டுக்கு நீயே போ மக்கா, ஆள் அனுப்பாதே. நீ கோச்சாக இருக்கும் கிளப்பில் அவனைச் சேர்த்துக்கொள். ஏதாவது வேலைக்கும் சொல்லிவை. நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்ல வேண்டாம். அவனாக என்னைப் பற்றிக் கேட்டால் மட்டும் எதையும் மறைக்காதே.

கர்த்தர் உன் குடும்பத்தைக் காக்கட்டும். எனக்காகவும் நீயே ஜெபம் பண்ணு. இங்கே எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.

உன்,
ஆல்டோ