தோள் நோவும் மூன்று கேள்விகளும்

ஜெசிதா,

புட்டும் மீன்குழம்பும் மூடி வைச்சிருக்கிறன். சாப்பிடாமல் தாதி வேலை நேர்முகத்துக்குப் போகாதையும். வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டு மாமியிட்டைக் குடும்.

நேற்று நான் நோயாளியாய் நடிக்க, நீர் கேட்டுப் பழகினீர். "தோள் நோகுது, மிஸ்ஸி" எண்டன். "எந்தக் கோயில் பங்கு, தம்பி? ஆரின்ரை மகன்? கலியாணம் முடிச்சாச்சோ?" எண்டு கேட்டீரே ஒழிய, நோவைப் பற்றி மூச்சில்லை. நான் சிரிச்சதுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திட்டீர். நோயாளியிட்டை முதல் என்ன கேப்பீர் எண்டு நேர்முகத்திலை அவையள் இண்டைக்குக் கேட்டால், நோவை எண்டு சொல்லும். வேலை உமக்குத்தான்.

றஜிந்தன்

பி.கு.: தோள் நோகுதெண்டது நடிப்பில்லை. வலை இழுத்ததிலை பிடிச்சது, நாலு நாளாச்சு. பின்னேரம் வந்தோடனை கேளும், மிஸ்ஸி. என்ரை பங்கும் அப்பாவின்ரை பேரும் கலியாணம் முடிச்சதும் உமக்குத் தெரியும்தானே.