சுலைஹாவின் கையில் எழும்பாத கொப்புளம்

என் ஹாஜறாவுக்கு,

நீ அடங்கியிருக்கும் மையவாடியின் மதிலைக் கடக்கும்போதெல்லாம் உனக்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். நீ பதில் சொல்வாய் என்கிறார் ஆலிம்சா. எனக்குத்தான் கேட்பதில்லை. அதனால் இன்று எழுத உட்கார்ந்தேன். யாராவது எடுத்து வாசித்தால் வாசிக்கட்டும். கல்முனைப் பஜாரில் தையல்கடை வைத்திருக்கிறவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று சொல்லட்டும். குழம்பித்தான் இருக்கிறது.

உன் மகளைப் பற்றித்தான் செய்தி. பெற்றெடுத்து, முகம் பார்த்து, பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாயே, அந்தச் சுலைஹா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உனக்கு மூத்தவளாய்ப் பிறந்த ராத்தாதான் தன் மகனுக்குக் கொடுக்கும் பாலை இவளுக்கும் கொடுத்து வளர்க்கிறார். அந்த நன்றியை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் மாதத்தில், பெரியம்மை வராமலிருக்க அவளுக்கு அம்மைப்பால் குத்தினோம். பால் பிடித்தால் எழும்பும் கொப்புளத்தில் துணி உரசக்கூடாதென்று இடது கை வைக்காத சட்டைகளாக முன்கூட்டியே தைத்து அடுக்கியிருந்தேன். கொப்புளம் எழும்பவே இல்லை. கீறல் காய்ந்து, கை பழையபடி ஆகிவிட்டது. காரைதீவிலிருந்து சைக்கிளில் வந்து பால் குத்துகிற ஆளை வழியில் மறித்துக் கேட்டேன்.

"உங்கட பால் வெயில்ல கெட்டுப் போயிரிக்கும்."

"மத்தப் பிள்ளையளுக்கெல்லாம் எழும்பியிருக்கே காக்கா. எதுக்கும் டொக்டரிட்டக் காட்டுங்க," என்றார் அவர்.

ஆஸ்பத்திரி டொக்டர் பிள்ளையின் கையைப் பார்க்கும் முன்பே உன்னைப் பற்றிக் கேட்டார். தாய்க்குக் கடைசியாக எப்போது குத்தியது என்றார். இவள் உன் வயிற்றில் இருந்தபோது, ஏதோ கப்பலில் அம்மை வந்திருக்கிறதென்ற கதையைக் கேட்டு, நான் வேண்டாமென்றும் கேளாமல் நீ போய்க் குத்திக்கொண்டு வந்தாய் அல்லவா? வீங்கிய கையோடு, "இது எனக்கில்ல, புள்ளைக்கு" என்று சிரித்தாய். அதை அவரிடம் சொன்னேன்.

"அவ சொன்னது சரிதான்," என்றார் அவர். "தாய்ட ரத்தத்தில உண்டான காவல் வயித்துக்குள்ளயே பிள்ளைக்கு வந்திருக்கு. தாய் இல்லாட்டியும் அது கொஞ்ச காலம் நிக்கும். நாங்க குத்தின பாலை அது முந்திப் போய் அமத்திப்போட்டுது. பிள்ளைட உடம்புக்கு எதிரி வந்ததே தெரியாது. தெரிஞ்சாத்தானே தன்ட காவலைத் தானே உண்டாக்கும்?"

"அப்ப அது நல்லதா, கெட்டதா டொக்டர்?"

"இருக்கிற வரைக்கும் நல்லது. ஆனா அது கரைஞ்சுகொண்டே போகும், புதிசா ஊறாது. முழுக்கப் போனா பிள்ளைட்ட ஒண்டும் மிஞ்சாது. எழும்பி நிக்கிற பருவத்தில கொண்டு வாங்க, திரும்பக் குத்துவம்."

எப்படி அமத்துகிறது என்று கேட்டேன். தங்களுக்கும் முழுக்க விளங்கவில்லை என்றார். டொக்டருக்கே விளங்காதது தையல்காரனுக்கு எப்படி விளங்கும்?

வரும் வழியில், காலமாகிவிட்ட மர்ஹூமா உன் உம்மாவை நினைத்துக்கொண்டேன். நம் கல்யாணத்துக்கு இந்த வீட்டை உனக்குக் கொடுத்துவிட்டு, பின்வளவில் ஓர் அறை போட்டுக்கொண்டு ஒதுங்கினார். ஆனாலும் விடிந்தால் வந்து உலை வைத்துவிடுவார். அவர் காய்ச்சலில் படுத்த கிழமைதான் நீ முதன்முதலாகச் சோறாக்கினாய். அடிப்பிடித்த சோறுதான், ஆனாலும் நீ ஆக்கியது. பிள்ளையின் உடம்புக்குள் நீயும் அப்படித்தான் உலை வைத்துக்கொண்டிருக்கிறாயா?

ராத்தாவிடம் சொன்னதும் அவர் பிள்ளையைத் தூக்கி அணைத்துக்கொண்டார். "ஹாஜறா இதுக்குள்ள இரிக்காள் எண்டுதானே டொக்டர் செல்றார்? பிறகென்னத்துக்கு மச்சான் திரும்பக் குத்துற? அவள்ட காவல் இரிக்கட்டும்."

எனக்கும் ஆசை அதுதான். உன் சேலைகளை ராத்தா ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். உன் குரலும் எனக்கு மறந்துகொண்டு வருகிறது. மிஞ்சியிருப்பது அந்தக் காவல் ஒன்றுதான். அதுவும் போய்விட்டதா என்று ஊசி போட்டுப் பார்க்க எந்தப் புருஷனுக்கு மனம் வரும்? ஆனால் அது போகிற நாளை யார் வந்து எனக்குச் சொல்வார்கள்? அந்த இடைவெளியில் உண்மையாகவே அம்மை வந்துவிட்டால்? இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். அவள் சுவரைப் பிடித்து எழும்பி நின்ற அன்று, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

குத்திய பிறகு தினமும் அந்தக் கையைப் பார்த்தேன். எழும்ப வேண்டும் என்று துஆ கேட்பேன். அடுத்த மூச்சிலேயே எழும்பக் கூடாது என்று நினைப்பேன். இப்படிக் கேட்கிறவனுக்கு அல்லாஹ் எதைத்தான் கொடுப்பான்?

இன்று காலை எழும்பியிருக்கிறது ஹாஜறா. முத்துப்போல ஒரு கொப்புளம், சுற்றிச் சிவப்பு. உடம்பும் லேசாகச் சுடுகிறது. ராத்தா பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்தார். "அப்ப அவள் போய்ட்டாளா மச்சான்?" என்று கேட்டு அழுதார். எனக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தைத் தாங்க முடியாமல் கடையைத் திறந்து உட்கார்ந்தேன். பெருநாளுக்குத் தைத்திருந்த அவளுடைய புதுச் சட்டையின் இடது கையைப் பிரித்தெடுத்தேன்.

நீ அவளைக் கைவிட்டாயா, அல்லது இனி அவளே பார்த்துக்கொள்வாள் என்று ஒதுங்கிக்கொண்டாயா? எனக்குத் தெரியவில்லை.

அவள் சொறியாமல் பார்த்துக்கொள்கிறேன். காய்ந்து பொருக்கு விழுந்ததும், அவளை மையவாடி மதில்வரை தூக்கி வந்து அந்தக் கையை உனக்குக் காட்டுகிறேன். உன் கையில் இருந்த அதே இடத்தில்தான் வடு விழும். பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கு. இனி அவளுக்காக நீ விழித்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் சுலைஹாவின் வாப்பா