காட்ஃப்ரியின் எட்டு வரி

6 மார்ச் 1996, புதன்

நேற்று காட்ஃப்ரியை எரித்தோம். இன்று காலை நான் செத்தேன்.

என்னுடையது சம்பளத்துக்கு. ஞாயிற்றுக்கிழமைத் துப்பறியும் தொடரில் ஓய்வுபெற்ற கர்னல். கண்ணாடிக் குடிலில் தக்காளிச் செடிகளுக்கு நடுவே மல்லாந்து கிடக்க வேண்டும். (மார்ச் குளிரில் தக்காளி ஏது? எல்லாம் பிளாஸ்டிக்.) டிவியில் சாவதில் இந்தத் தீவு பெற்றெடுத்த மகா கலைஞன் நானே என்பதை வருங்காலச் சந்ததிக்காக இங்கே பதிகிறேன். கத்தி, விஷம், மாடிப்படி, ஒரு முறை சர்ச் மணி. ஒரே கிராமத்தில் மூன்று வெவ்வேறு ஆட்களாகக் கொலையாகியிருக்கிறேன். ஒரு இன்ஸ்பெக்டருக்காவது இந்த மூஞ்சியை எங்கேயோ பார்த்தோமே என்று தோன்ற வேண்டுமே!

வழக்கமாக இயக்குநர் கத்துவார், "க்ளைவ், பிணம் சிரிக்குது!" என்று. இன்று கத்தவில்லை. கூரையிலிருந்து ஒரு சொட்டு என் நெற்றியில் விழுந்துகொண்டே இருந்தது. அந்த நீரில் ஒரு கப்பற்படை மிதந்திருக்கும். நான் இமைக்கவில்லை.

"இவ்வளவு நல்ல பிணத்த நான் பாத்ததே இல்ல" என்றார். நன்றி சொன்னேன்.

நான் ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் நிஜம். நேற்றிலிருந்தே இப்படித்தான் இருக்கிறது. தகன மண்டபத்தில் அவன் பெட்டி திரைக்குப் பின்னால் நகர்ந்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: புது ஷூ கடிக்கிறது.

9 மார்ச், சனி

ரொட்டியைக் கருக்கினேன். தின்றேன். கருகியிருக்கிறது என்பது கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது.

12 மார்ச், செவ்வாய்

போன். டாம்சின். காட்ஃப்ரியின் கடைசிப் படத்தை எடுத்த பெண்.

காட்ஃப்ரி பெல்லும் நானும் ஒரே வாரத்தில், ஒரே நாடகக் கம்பெனியில், ஹட்டர்ஸ்ஃபீல்டில் ஒரே ஈரம் பிடித்த அறையில் பிழைப்பைத் தொடங்கியவர்கள். நான் வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்தேன், அவன் சுவரின் பக்கம். நாற்பது வருஷம் டிவியில் கதவு திறந்தான். பட்லர், பாதிரி, வங்கி மேலாளர். 'எங்களால் முடிந்ததைச் செய்தோம்' என்று சொல்லும் டாக்டர் — அவன் கைவிரித்த நோயாளிகளைச் சேர்த்தால் ஒரு மாவட்டமே காலி. பஸ் நிறுத்தத்தில் ஜனங்கள் அவனுக்கு வணக்கம் சொல்வார்கள், தங்கள் பழைய பல் டாக்டர் என்று நினைத்துக்கொண்டு. அவனும் மரியாதையாகப் பல்லை விசாரிப்பான்.

அறுபத்தெட்டு வயதில் கதாநாயக வேஷம் வந்தது. ஒன்றரை மணி நேர டிவி படம். சஃபோக் கடற்கரையில் ஒரு பழைய படகுக்காரன். ஓடிப்போன மகள் திரும்பி வருகிறாள். அப்பனும் மகளும் கடற்கரையில் பேசும் காட்சிதான் உயிர். அந்தக் காட்சியில் அடித்த காற்று அவன் பேச்சை முழுசாகத் தின்றுவிட்டது. இது சாதாரணம்தான். பிறகொரு நாள் நடிகன் வந்து, அடைத்த அறையில் படத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி பேசிக் கொடுப்பான். காட்ஃப்ரிக்கும் நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தின வாரம் காய்கறிக் கடை வரிசையில் நின்றபடியே போய்விட்டான்.

"எட்டு வரிதான், க்ளைவ். அது இல்லேன்னா கடற்கரைய வெட்டணும். கடற்கரை போனா மகளோட கதையாயிடும். சேனல்காரங்க இப்பவே அதைத்தான் சொல்றாங்க. காட்ஃப்ரி பின்னாடி நடந்து போற யாரோ ஒரு கிழவரா ஆயிடுவாரு."

"மறுபடியும் கதவு திறப்பான்னு சொல்லு."

"ஆமா."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"நீங்க அவர மாதிரியே பேசுவீங்கன்னு ஊரே சொல்லுதே."

ஊர் வாய் பொய் சொல்லவில்லை. காட்ஃப்ரியின் குரல் எல்லா விருந்திலும் நான் கடைவிரிக்கும் சரக்கு. அவன் குரலில் அவன் கசாப்புக் கடைக்கே போன் போட்டு அரைப் பன்றியை அவன் வாசலில் இறக்க வைத்தவன் நான். அவன் எதிரிலேயே அவன் குரலில் அவனைத் திட்டுவேன். கூடம் அதிரும். அவனும் சிரிப்பான். சிரித்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

"ஏவ்ரிலைக் கேள்" என்றேன். ஏவ்ரில் அவன் மனைவி.

"நீங்களே கேக்க மாட்டீங்களா?" என்றாள் டாம்சின்.

15 மார்ச், வெள்ளி

ஏவ்ரில் வீடு.

"காலத் தொடச்சிட்டு உள்ள வா. கேக் இருக்கு. அன்னிக்கு வந்தவங்க மிச்சம் வச்சது. நீ தின்னாத்தான் தீரும்."

தின்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்தாள்.

"அந்த வேஷம் கெடச்சிருச்சுன்னு போன் வந்தப்ப என்ன பண்ணாரு தெரியுமா? வெளிய போய் புல்லு வெட்டினாரு. ஜனவரி மாசம். அங்க புல்லே இல்ல. மிஷின உருட்டிட்டே இருந்தாரு."

"சந்தோஷம் போல."

"இருக்கும். கேக்கல. நாப்பது வருஷமா அந்தப் போன் பக்கத்துல உக்காந்திருந்த மனுஷன், க்ளைவ். அவர வெட்ட விடக் கூடாது. பண்ணு. ஆனா நானும் வந்து உக்காருவேன்."

"என் மேல நம்பிக்கை இல்லியா?"

"உன் மேலயா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கேக் பாதிதான் தின்றிருந்தேன்.

20 மார்ச், புதன்

லண்டன் சோஹோவில் ஒரு நிலவறை ஒலிப்பதிவுக்கூடம். சுவரெல்லாம் மெத்தை. பட்டு மப்ளரோடு சக்கரவர்த்தி போல இறங்கினேன். ஒலிப்பதிவாளர் கெத்தின், வேல்ஸ்காரர், டீயும் கையுமாக இருந்தார். பின்வரிசையில் ஏவ்ரில், மடியில் கைப்பை.

திரையில் காட்ஃப்ரி. பின்னால் சாம்பல் கடல். மூன்று பீப் கேட்கும். நான்காவது கேட்க வேண்டிய இடத்தில் பேச வேண்டும்.

முதல் வரி: "நீ வருவேன்னு நான் நெனைக்கல."

கொடுத்தேன் பாருங்கள்! அந்த மூக்கு, அந்த இழுவை, கடைசியில் அந்த நடுக்கம். உதட்டோடு அப்படியே ஒட்டியது. டாம்சின் கைதட்டினாள். கெத்தின், "யப்பா, எனக்கு முடியெல்லாம் நட்டுக்கிச்சு" என்றார். ஒரு மணி நேரத்தில் எட்டு வரியும் முடித்துக் குனிந்து வணங்கினேன்.

"எப்படி, ஏவ்ரில்?"

"அது அவரு இல்ல."

"உதடு ஒட்டுதேம்மா" என்றார் கெத்தின்.

"உதடு அவரோடதுதான். குரல் யாரோ அவர நையாண்டி பண்றது. அவரு மூக்கால பேச மாட்டாரு."

"நாப்பது வருஷமா எல்லாரும்—"

"நாப்பது வருஷமா அப்படிப் பேசினது நீ. அவரு பேசிக் கேட்டிருக்கியா? சும்மா சொல்லு, ஒரு தடவ?"

கழுத்து மப்ளரைச் சரிசெய்தேன். டாம்சின் தரைவிரிப்பைப் பார்த்தாள். திங்கட்கிழமை இன்னொரு முறை பார்க்கலாம், புதன்கிழமை சேனலுக்குப் போயாக வேண்டும் என்றாள்.

என்னத்தச் சொல்றது? எல்லாரும் கைதட்டுறாங்க, இவ ஒருத்தி மட்டும் இல்லேங்கிறா — எந்தப் பக்கம் நிக்கிறது? அவ அவன் பொண்டாட்டி. அவளுக்குத் தெரியாதா? அப்ப எனக்கு? எனக்குத் தெரியாதா?

21 மார்ச், வியாழன்

காட்ஃப்ரியைக் காதுக்குள் கொண்டுவரப் பார்த்தேன். வாய் திறந்தால் நான்தான் வருகிறேன். பழைய வீடியோ கேசட் ஒன்று கிடைத்தது, அவன் பிஷப்பாக நடித்தது. போட்டுக் கேட்டேன். அதுவும் அவன் இல்லை, அது பிஷப்.

22 மார்ச், வெள்ளி

ஏவ்ரிலுக்குப் போன் போட்டேன். காட்ஃப்ரியின் அலமாரியைக் காலி செய்துகொண்டிருக்கிறாள். சட்டை வேண்டுமா என்றாள். என் கழுத்துக்குப் பற்றாது என்றேன். சரி என்றாள்.

25 மார்ச், திங்கள்

மப்ளர் இல்லாமல் போனேன்.

கடற்கரையில் பதிவாகிக் கெட்டுப்போன ஒலிநாடாவைப் போடச் சொன்னேன். "அதுல காத்துதான் இருக்கு" என்றார் கெத்தின். இருக்கட்டும், காதில் போடுங்கள் என்றேன்.

காற்றுதான். நூறு எருமை மூச்சுவிடுகிற மாதிரிக் காற்று. அடியில் எங்கேயோ, பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி ஒரு ஆள். வார்த்தை பிடிபடவில்லை. மூச்சு பிடிபட்டது. பேசுவதற்கு முன் இழுக்கிறான். இழுத்ததை வைத்துக்கொண்டு நிற்கிறான். பாதி வெளியே போன பிறகு, மிச்சத்தில் பேசுகிறான். திரையில் அவன் மப்ளருக்கு மேலே தொண்டை முடிச்சு ஏறி இறங்கியது. எத்தனை மேடையில் அவன் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அந்தத் தொண்டையைப் பார்த்ததே இல்லை. அவன் பேசும்போதெல்லாம் நான் என் அடுத்த வசனத்துக்குத் தயாராகிக்கொண்டிருப்பேன்.

தொண்டை ஏறியபோது இழுத்தேன். நின்றேன். மிச்சத்தில் சொன்னேன். மூக்கு இல்லை, இழுவை இல்லை, நடுக்கம் இல்லை. போடுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. மைக் முன்னால் நான் ஒன்றுமே செய்யாமல் நின்றது என் சரித்திரத்தில் இதுவே முதல். (தேசிய விடுமுறை அறிவிக்கலாம்.)

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. கெத்தின் ஓட்டிப் பார்த்தார், மறுபடி ஓட்டினார், ஆறின டீயைக் குடித்தார்.

ஏவ்ரில் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கதவருகே நின்றாள். "மூணாவது வரி கொஞ்சம் வேகம்."

மறுபடி செய்தோம். கோட்டோடு நின்று கேட்டாள். பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

27 மார்ச், புதன்

டாம்சின் போன் செய்தாள். சேனல்காரர்கள் பார்த்துவிட்டார்கள். கடற்கரை தப்பித்தது. காட்ஃப்ரி கதாநாயகனாகவே இருப்பான்.

"குரலப் பத்தி என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. நாங்களும் சொல்லல. உங்க பேர எங்க போடட்டும்?"

"போடாதே."

என் பெயர் ஒரு நூல் அளவு சின்னதாக இருந்தது என்பதற்காக ஒரு தயாரிப்பாளரை நான் லண்டன் முழுக்கத் துரத்தியது தொழிலில் எல்லோருக்கும் தெரியும். டாம்சினுக்கும் தெரிந்திருக்கும்.

"உடம்பு நல்லா இருக்கா, க்ளைவ்?" என்றாள்.

நன்றாகத்தான் இருக்கிறது.

3 ஜூன், திங்கள்

பூனைச் சாப்பாட்டு விளம்பரம். பூனையின் குரல் நான்தான். நிஜப் பூனையை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார்கள். அது எழுந்து போய்விட்டது.

6 அக்டோபர், ஞாயிறு

இன்று ஒளிபரப்பு. ஏவ்ரில் வரச் சொல்லியிருந்தாள். காட்ஃப்ரியின் நாற்காலியில் செய்தித்தாள் கட்டு. நான் சோபாவில் உட்கார்ந்தேன்.

முதல் பெயராக அவன் பெயர் வந்தது. திரை முழுக்க. பார்த்தோம். "எழுத்து பெருசா இருக்கு" என்றாள்.

முதல் பாதி ஓடியது. ஒரு இடத்தில் மட்டும், "அந்தத் தொப்பி வேணாம்னு சொன்னேன்" என்றாள். கடற்கரை வருவதற்கு முன் விளம்பரம். டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனாள். பாத்திரம் கழுவும் சத்தம். விளம்பரம் முடிந்தது, கூப்பிடலாமா என்று நினைத்தேன், கூப்பிடவில்லை. அந்தக் காட்சியைப் பார்க்க விரும்பாமல் அவளாக ஒதுங்கியிருக்கலாம்.

முதல் வரி போனது. இரண்டாவது. மூன்றாவது, சரியான வேகத்தில். மகள் தோளைக் குறுக்கிக்கொண்டு கடலைப் பார்க்கிறாள். காட்ஃப்ரியின் தொண்டை ஏறுகிறது, நிற்கிறது.

"குளிருதா?"

"இல்ல, ஜன்னல சாத்திட்டேன்" என்றாள் ஏவ்ரில், சமையலறையிலிருந்து.

சாதாரணமாக. கை வேலையை விடாமல்.

பாத்திரச் சத்தம் நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் ஓடியது. திரையில் அவன் மிச்ச வரிகளைச் சொல்லி முடித்தான். நான் எழுந்து போகவில்லை; சத்தத்தைக் குறைக்கவும் இல்லை. அங்கே எனக்கு என்ன வேலை? அவள் புருஷன் கேட்டான், அவள் பதில் சொன்னாள்.